ஏழு நாளில் ஐந்து இடங்கள்: மாதத்தைப் பார்க்காமல் போட்ட ஒரு சஃபாரித் திட்டம்

மலைக்கோட்டை எழுதியது:

பிப்ரவரி மாதத்தின் இரண்டாம் வாரத்தில் நாங்கள் 11 பேர், இரண்டு லேண்ட் குரூசர் வண்டிகளில், வடக்குத் தான்சானியாவைச் சுற்றிவிட்டுத் திரும்பினோம். முதல் நாள் தரங்கிரே தேசியப் பூங்கா, இரண்டாம் நாள் மன்யாரா ஏரி, மூன்றாம் நாள் பிற்பகல் முதல் ஐந்தாம் நாள் நண்பகல் வரை செரெங்கெட்டி, அன்றே பிற்பகலில் அதன் தெற்கே உள்ள நடூட்டுச் சமவெளி, ஆறாம் நாள் கொரொங்கோரோ எரிமலைக் கிண்ணம், ஏழாம் நாள் விமான நிலையம் என்பதுதான் எங்களுக்குத் தரப்பட்ட திட்டம். பயணம் கெட்டுப்போயிற்று என்று சொல்ல மாட்டேன். செரொனேரா ஆற்றங்கரையில் கொத்துக் கொத்தாகக் காய் தொங்கும் மரமொன்றின் கிளையில், நான்கு கால்களையும் தொங்கவிட்டு உறங்கிய சிறுத்தையை அரை மணி நேரம் பார்த்தோம். அது ஒன்றே போதும் என்று எங்களுள் சிலர் இன்றும் சொல்கிறார்கள்.

ஆயினும் எனக்கு ஒரு குறை உண்டு. தரங்கிரே என்றாலே யானைக் கூட்டம் என்று கேள்விப்பட்டுப் போன நாங்கள், இடுப்பளவு புல்லுக்கு நடுவே ஒரு நாள் முழுவதும் சுற்றி, மொத்தம் 14 யானைகளைத்தான் கண்டோம். அதே வாரத்தில் நடூட்டுச் சமவெளியில் வில்டபீஸ்ட் மாடுகள் (மாட்டைப் போன்ற தோற்றமுள்ள பெரிய மான்கள்) ஆயிரக்கணக்கில் கன்று ஈன்றுகொண்டிருந்தன. அங்கே எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஒரு மணி நேரம். ஐந்தாம் நாள் காலையில் சிம்பா பாறைகளுக்கு அருகே ஒரு சிறுத்தை, கெசல் மானொன்றை நோக்கிப் பம்மிப் பம்மி நகர்ந்துகொண்டிருந்தபோது ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்து வண்டியைக் கிளப்பிவிட்டார். பிற்பகல் இரண்டு மணிக்குள் செரெங்கெட்டிப் பூங்காவின் நாபி குன்று வாயிலைக் கடந்தாக வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம். பணம் கட்டி இவ்வளவு தொலைவு வந்தவர்களை இப்படி விரட்டுவது முறைதானா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

ஒளிப்பெட்டி எழுதியது:

ஒரு சிறு திருத்தம். மரக்கிளையில் உறங்கியது சிறுத்தை. பாறைகளுக்கு அருகே திறந்த வெளியில் பகலில் வேட்டையாட முயன்றது பெரும்பாலும் சிவிங்கிப்புலியாக இருக்கும். இரண்டையும் நாம் சிறுத்தை என்றே எழுதிவிடுகிறோம். சிறுத்தையின் உடலில் இதழ் விரிந்த பூப்போல நடுவில் வெற்றிடம் விட்ட திட்டுகள் இருக்கும். சிவிங்கிக்கு மை தொட்டு வைத்தாற்போல முழுப் புள்ளிகளும், கண்ணின் உள்முனையிலிருந்து வாய்வரை வழிந்த கண்ணீர்த் தடம் போன்ற கருங்கோடும் இருக்கும்.

மலைக்கோட்டை எழுதியது:

கருங்கோடு இருந்தது. நீங்கள் சொல்வதே சரி. அப்படியானால் தவறவிட்டது சிவிங்கிப்புலியின் வேட்டை என்று இப்போது தெரிந்து, வருத்தம் இன்னும் கூடிவிட்டது.

அருஷாவாசி எழுதியது:

வடக்குத் தான்சானியாவின் அருஷா நகரில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். சுற்றுலாத் தொழிலில் இல்லை, ஆனால் ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துச் சென்று பழக்கப்பட்டவன். முதலில் அந்த ஓட்டுநருக்காகப் பேசிவிடுகிறேன். செரெங்கெட்டியின் நுழைவுச் சீட்டு நாள் கணக்கில் அல்ல, 24 மணி நேரக் கணக்கில் தரப்படுகிறது. மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு நாபி குன்றில் முத்திரை குத்தியிருந்தால், இரண்டு இரவுக்குப் பணம் கட்டியவர்கள் ஐந்தாம் நாள் இரண்டு மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். தாமதித்தால் ஒவ்வொருவருக்கும் இன்னொரு நாள் கட்டணம் விழும். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு அடிப்படைக் கட்டணம் 70 டாலர். அதன்மேல் 18 விழுக்காடு வரி. பதினொரு பேருக்கு எவ்வளவு வரும் என்று பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையை நிறுவனம் ஓட்டுநரிடம் கேட்கும் ஊர் இது. பூங்காவுக்குள் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர் என்பதால், கடைசி நேரத்தில் விரட்டிப் பிடிக்கவும் முடியாது. குறை இருந்தால் அது திட்டத்தைப் போட்டவரிடம்தான் இருக்கிறது. காலை ஆறரைக்கே கரட்டு என்ற ஊரிலிருந்து கிளம்பியும் நாபி குன்றைச் சேர இரண்டு மணி ஆகியிருக்கிறது என்றால், வழியில் எங்கெல்லாம் நிறுத்தினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நுழையும் நேரமே வெளியேறும் நேரத்தையும் முடிவு செய்கிறது என்பதை யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய பிழை மாதத்தைப் பார்க்காதது. தரங்கிரேயின் பெயர் ஆற்றால் வந்தது. அதன் புகழும் ஆற்றால் வந்ததுதான். ஜூலை முதல் அக்டோபர் வரை சுற்றுவட்டாரம் முழுவதும் வறண்டு, அந்த ஒரே ஆற்றில் மட்டும் தண்ணீர் எஞ்சியிருக்கும்போது, பல நூறு யானைகள் அங்கே வந்து மணலைத் தோண்டி நீர் குடிக்கும். மழை பெய்துவிட்டால் எல்லாக் குழியிலும் தண்ணீர் கிடைக்கிறது. வில்டபீஸ்டும் வரிக்குதிரையும் யானையும் பூங்காவின் எல்லையைத் தாண்டிச் சிமாஞ்சிரோ சமவெளிப் பக்கம் கலைந்துபோய்விடுகின்றன. பிப்ரவரியில் 14 யானைகளைக் கண்டதே பெரிது. நடூட்டு இதற்கு நேர்மாறு. ஜனவரி இறுதி முதல் மார்ச் வரைதான் அதற்குக் காலம். ஆகஸ்டில் அங்கே போனால் புழுதிதான். நீங்கள் போன வாரத்தில் தரங்கிரேயையும் மன்யாராவையும் விட்டுவிட்டு, நடூட்டில் மூன்று இரவும் செரெங்கெட்டியின் நடுப்பகுதியான செரொனேராவில் இரண்டு இரவும் தங்கியிருக்க வேண்டும். ஓர் ஆண்டின் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே அட்டவணையை அச்சடித்து வைத்திருக்கும் நிறுவனங்களில் ஒன்றிடம் நீங்கள் அகப்பட்டிருக்கிறீர்கள்.

மன்னார்க்காற்று எழுதியது:

யானை குறைவாகவே கண்டாலும் தரங்கிரேயை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அங்கே நிற்கும் பேயோபாப் மரங்களை எங்கள் மன்னாரில் பெருக்கமரம் என்போம். இராமநாதபுரம் பக்கத்தில் பொந்தன்புளி என்பார்கள். அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டவை என்றுதான் சிறுவயதில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். ஊரில் வேலி போட்டுப் பலகை வைத்துக் காக்கும் ஒற்றை மரத்தை, அங்கே மேடெங்கும் நூற்றுக்கணக்கில், யானை தந்தத்தால் பட்டையைக் கிழித்துப் போட்ட காயங்களோடு பார்த்தபோது, தாய்வீட்டுக்குப் போய் உறவினர் கூட்டத்தைக் கண்டதுபோல இருந்தது. வறட்சியில் யானைகள் அந்தப் பட்டையை மென்று ஈரத்தை உறிஞ்சுகின்றன என்று வழிகாட்டி சொன்னார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கடித்து இரத்தம் உறிஞ்சும் செட்சி ஈக்கள் நீலத்தையும் கறுப்பையும் தேடி வருகின்றன. அவற்றைப் பிடிக்க மரங்களில் தொங்கவிடும் துணிப் பொறிகளே அந்த நிறங்களில்தான் இருக்கும். நான் நீல ஜீன்ஸ் அணிந்து போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வைகைக்கரை எழுதியது:

அருஷாவாசி அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது அடுத்த ஆண்டும் அங்கே போகக்கூடியவரின் கணக்கு. நானும் என் மனைவியும் ஓய்வூதியத்தில் சேர்த்த பணத்தில், வாழ்நாளில் ஒருமுறை என்று முடிவு செய்து, இதே ஐந்து இடங்களுக்கும் ஒரு குழுவோடு போய்வந்தோம். சமவெளியில் மூன்று நாள் தொடர்ந்து மாட்டு மந்தையையே பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடிந்திருக்காது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மிகவும் பிடித்தது எல்லோரும் விட்டுவிடச் சொல்லும் அந்த மன்யாராதான். பாறைச்சுவரின் அடியில் ஊற்றுநீரால் வளர்ந்த காடும், அதற்குள் சாலையை மறித்து அமர்ந்திருந்த பபூன் குரங்குக் கூட்டமும், காடு முடிந்ததும் திடீரென்று திறக்கும் ஏரியும், தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்த பூநாரைகளும் எங்கள் நினைவில் இருக்கின்றன. மரமேறும் சிங்கங்களுக்குப் பெயர்பெற்ற இடம் என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் ஏறிக்காட்டவில்லை. அதனால் குறையொன்றும் இல்லை. குழு என்றால் எல்லோருக்கும் ஒரே ஆசை இராது. நான்கு வகை நிலத்தைக் காட்டும் திட்டத்தில் ஆளுக்கொன்றாவது பிடித்துவிடும்.

ஒளிப்பெட்டி எழுதியது:

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் மாட்டு மந்தை என்று அதை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிப்ரவரி நடூட்டில் நான் நான்கு நாள் இருந்தேன். கன்று விழுந்து சில நிமிடங்களில் எழுந்து நிற்கிறது. இரண்டு முறை சறுக்கி விழுந்த பிறகு தாயோடு ஓடத் தொடங்கிவிடுகிறது. ஓடாத கன்றுக்குக் கழுதைப்புலி காத்திருக்கிறது. பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் நெருக்கமாகப் பிறந்துவிடுவதால், தின்கிற விலங்குகள் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு அவை பெருகிவிடுகின்றன. அங்கே தடத்தைவிட்டு விலகி வண்டியைப் புல்வெளியில் ஓட்டவும் அனுமதி உண்டு. செரெங்கெட்டிப் பூங்காவுக்குள் அது தடை. ஒரு மணி நேரத்தில் மந்தையின் விளிம்பைத்தான் தொட முடியும். ஒரே இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

காவிரிமகள் எழுதியது:

இந்த இழையை மிகுந்த அக்கறையோடு படித்து வருகிறேன். நாங்கள் ஒன்பது பேர் வருகிற ஆகஸ்டில் ஏழு நாள் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. எங்களுக்குக் காட்டப்பட்ட திட்டத்தில் கென்யாவின் மசாய் மாரா, நகுரு ஏரி, அம்போசெலி, அதன்பின் எல்லை கடந்து தான்சானியாவின் கொரொங்கோரோ, செரெங்கெட்டி ஆகிய ஐந்தும் இருக்கின்றன. ஒரே பணத்தில் இரண்டு நாடுகள் என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இது நடக்கக்கூடியதுதானா?

அருஷாவாசி எழுதியது:

நடக்கும், ஆனால் நீங்கள் விலங்குகளைவிட வண்டியின் முன்கண்ணாடியைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். வரைபடத்தில் மசாய் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாடுகள் குறுக்கே போய்வருகின்றன. சுற்றுலா வண்டிக்கு அந்த வழி கிடையாது. மேற்கே இசெபானியா வரை சுற்றிப் போக வேண்டும், அல்லது அம்போசெலிக்குப் பக்கத்தில் நமாங்கா எல்லையில் கென்ய வண்டியிலிருந்து இறங்கிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தான்சானிய வண்டியில் ஏற வேண்டும். அங்கிருந்து அருஷா, அருஷாவிலிருந்து செரொனேரா ஏறத்தாழ 330 கிலோமீட்டர். கொரொங்கோரோவின் லோடோவாரே வாயிலோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் முதுகெலும்பை எண்ணிக் காட்டும் அலைஅலையான மண்சாலை. மூட்டுவலி உள்ள தாயாரை ஏழு நாளில் இதில் இரண்டு முறை அழைத்துச் செல்லாதீர்கள்.

ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள். ஆகஸ்டில் மந்தை வடக்கே மாரா ஆற்றங்கரையில் இருக்கும். ஆற்றைக் கடப்பதைக் காண மாராவுக்கு மட்டும் மூன்று நான்கு இரவுகள் கொடுக்கலாம். செலவை அறிந்து முடிவு செய்யுங்கள். 2024 முதல் ஜூலை தொடங்கி டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் நாளொன்றுக்கு 200 டாலர்; அந்தச் சீட்டும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, 12 மணி நேரத்துக்குத்தான். மாடுகள் எப்போது ஆற்றில் இறங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. கரைக்கு வந்து நான்கு மணி நேரம் நின்று, தண்ணீரை மோந்துவிட்டுத் திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அக்கரையிலும் இக்கரையிலும் வண்டிகள் நம்மூர்த் தேர்த்திருவிழாபோல நெருக்கியடித்து நிற்கும்.

தான்சானியா என்றால் தரங்கிரேயில் இரண்டு இரவு, கரட்டுவில் தங்கிக் கொரொங்கோரோவுக்கு ஒரு நாள், செரொனேராவில் இரண்டு இரவு. திரும்பும்போது செரொனேராவிலிருந்து சிறு விமானத்தில் அருஷாவுக்கு வந்துவிடுங்கள். ஒரு முழு நாள் சாலைப் பயணம் மிச்சமாகும். ஆளுக்கு 15 கிலோ, அதுவும் மடங்கும் துணிப்பையாக இருந்தால்தான் ஏற்றுவார்கள். ஒன்பது பேருக்கு இரண்டு வண்டிகள் கேளுங்கள். ஒரே வண்டியில் அடைக்க முயன்றால் மறுத்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் சன்னலோர இருக்கை உறுதி என்று எழுத்தில் வாங்குங்கள். பின்வரிசையில்தான் குலுக்கல் அதிகம்; அம்மாவை முன்னால் அமர்த்துங்கள்.

கால்நடைக்காரன் எழுதியது:

கால்நடை மருத்துவத் துறையில் இருந்தவன் என்ற முறையில், மந்தையைப் பற்றிய பேச்சில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். செரெங்கெட்டி வட்டாரத்தில் சுமார் பதின்மூன்று இலட்சம் வில்டபீஸ்ட்கள் இருப்பதாக வழக்கமாகச் சொல்கிறார்கள். ஆனால் 1960-களின் தொடக்கத்தில் இருந்தவை சுமார் இரண்டரை இலட்சம்தான். காரணம் நாம் நன்கு அறிந்த மாட்டுக் கொள்ளைநோயான வெக்கை நோய். 1887 வாக்கில் இத்தாலியப் படையினர் இந்தியாவிலிருந்து கால்நடைகளை எரித்திரியாவில் கொண்டுபோய் இறக்கியபோது ஆப்பிரிக்காவின் கிழக்குக்குள் நுழைந்த அந்த நோய், சில ஆண்டுகளில், மாடு மேய்த்து வாழும் மசாய் மக்களின் மாடுகளில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்தது. பெரும் பஞ்சமும் வந்தது. பின்னர் கென்யாவின் முகுகாவில் வால்டர் ப்ளோரைட் உருவாக்கிய தடுப்பூசியைச் சுற்றுவட்டார வீட்டு மாடுகளுக்குப் போட்டபோது, காட்டு விலங்குகளுக்கு ஓர் ஊசியும் போடாமலேயே அவற்றின் கன்றுகள் பிழைக்கத் தொடங்கின. 1977 வாக்கில் வில்டபீஸ்ட்களின் எண்ணிக்கை ஐந்து மடங்காகிவிட்டது. வில்டபீஸ்ட் பெருகியதால் புல் குறைந்தது; புல் குறைந்ததால் காட்டுத்தீ குறைந்தது; தீ குறைந்ததால் மரக்கன்றுகள் தப்பின. 2011-இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அவை கன்று ஈனத் தெற்கே நடூட்டுக்கு வருவதற்கும் காரணம் உண்டு. ஓல் டொயின்யோ லெங்காய் முதலான எரிமலைகளின் சாம்பல் படிந்த மண் அது. அதில் முளைக்கும் குட்டைப் புல்லில் பால் சுரக்கும் தாய்க்கு வேண்டிய சுண்ணாம்பும் பாஸ்பரசும் மிகுதி. மழை நின்று குட்டைகள் வற்றியதும் தண்ணீருக்காக வடக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. ஆகவே அருஷாவாசி மாதத்தைப் பார்க்கச் சொல்வது வெறும் பயண யோசனை அல்ல. மாடு செய்கிற கணக்கைத்தான் அவரும் செய்கிறார்.

மலைக்கோட்டை எழுதியது:

மிக்க நன்றி. ஓட்டுநர் மீது எனக்கிருந்த கோபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவருக்குக் குறைத்துக் கொடுத்த அன்பளிப்பை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

காவிரிமகளுக்குக் கொரொங்கோரோ பற்றிச் சில வார்த்தைகள். கிண்ணத்தின் விளிம்பு சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் மூடுபனியும் கடுங்குளிரும் இருக்கும், அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம். அங்கிருந்து 600 மீட்டர் இறங்கினால் 260 சதுர கிலோமீட்டர் சமவெளி. விடிந்ததும் முதல் வண்டிகளுள் ஒன்றாக இறங்கிவிட வேண்டும். எங்களுக்குக் கருப்புக் காண்டாமிருகம் ஒன்று மிகத் தொலைவில், பைனாகுலரில் ஓர் அசையும் கல்லாகத் தெரிந்தது. ஒட்டகச்சிவிங்கியைத் தேடாதீர்கள், சுவர் செங்குத்து என்பதால் உள்ளே அது கிடையாது. மதிய உணவுக்கு நீர்யானைக் குளத்தருகே நிறுத்துவார்கள். அங்கே வண்டிக்குள் அமர்ந்தே சாப்பிடுங்கள். வெளியே நின்று சப்பாத்தியைச் சுருட்டி வாய்க்குக் கொண்டுபோன என் தம்பியின் கையிலிருந்து பருந்து அதைப் பறித்துச் சென்றது. விரலில் நகக்கீறலோடு அவர் மீதி நாளைக் கழித்தார்.

வைகைக்கரை எழுதியது:

ஒரு கேள்வி கேட்கத் தயக்கமாக இருக்கிறது. வழியில் மசாய் குடியிருப்பு ஒன்றில் வண்டிக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு நடனம் ஆடிக்காட்டினார்கள். எங்களுக்கு அது உறுத்தியது. இப்படிப்பட்ட நிறுத்தத்தைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடலாமா?

அருஷாவாசி எழுதியது:

பணம் வாங்குவதைக் குறையாக எண்ண வேண்டாம். 1959-இல் செரெங்கெட்டிப் பூங்காவிலிருந்து அந்த மக்களை வெளியேற்றியபோது, கொரொங்கோரோவில் மாடு மேய்த்து வாழலாம் என்ற உறுதியின் பேரில்தான் அது தனிப் பாதுகாப்புப் பகுதியாகப் பிரிக்கப்பட்டது. இப்போது அங்கிருந்தும் 2022 முதல் பலர் ஹந்தேனி மாவட்டத்தின் ம்சொமேராவுக்கு இடம்பெயர்க்கப்படுகிறார்கள். அரசு அதைத் தாமாக முன்வந்த இடமாற்றம் என்கிறது. அம்மக்களில் பலர் பள்ளியும் மருத்துவமும் சுருக்கப்பட்டதால் வேறு வழியில்லாமல் போனதாகச் சொல்கிறார்கள். குடியிருப்புக்குப் போனால் நடனத்தைக் கேட்காமல் மாட்டைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு வேறு மாதிரி இருக்கும். உங்கள் ஓட்டுநரே மொழிபெயர்ப்பார்.

காவிரிமகள் எழுதியது:

இரண்டு நாட்டுத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குக் கிண்டி கிங் நிலையத்தில் விசாரித்தேன். பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டிருக்க வேண்டும் என்றும், அறுபது வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும் என்றும் சொன்னார்கள். அம்மாவின் மருத்துவரை வெள்ளிக்கிழமை பார்க்கிறோம்.

நிறுவனத்துக்கு அருஷாவாசி எழுதிய ஒழுங்கை அப்படியே அனுப்பினேன். இடங்களைக் குறைத்தால் பணத்தையும் குறைக்கச் சொல்வீர்களே என்று பதில் வந்திருக்கிறது. சிறு விமானத்துக்குத் தனிக் கட்டணமும் கேட்கிறார்கள். என் சித்தப்பாவுக்கு ஆற்றைக் கடக்கும் மாடுகள் இல்லையென்றால் ஆப்பிரிக்காவே வேண்டாமாம். கடைசியில் அம்மாவிடம் கேட்டேன். யானை மணலைத் தோண்டித் தண்ணீர் குடிக்கும் என்று எழுதியிருந்தீர்களே, அதை வாசித்துக் காட்டியதிலிருந்து அவர் வேறு எதைப் பற்றியும் பேச மறுக்கிறார். ஆகவே தரங்கிரேயில் மூன்று இரவு. மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.